28 மி.மீ. வீரனும் 1/144 ரோபோவும் ஒரே மேசையில்: எந்த ஸ்கேலைப் பிடிப்பது?

இரவு ஷிஃப்ட், ஈசூன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையாகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மேசை ஒன்றுதான். 120க்கு 75 செ.மீ. காலையில் அம்மா அதில் காய் நறுக்குவார், மாலையில் அக்கா மகன் வீட்டுப்பாடம் எழுதுவான், எனக்கு வேலை இல்லாத நாளில் அது போர்க்களம். எட்டு மணிக்குள் வீரர்களை வாரிக்கொண்டு போகாவிட்டால் ரசச் சட்டி அவர்கள் தலையில் இறங்கும்.

கையில் இருப்பதைச் சொல்கிறேன். தேசிய சேவைக்குப் போகும் முன் வாங்கிய வார்ஹாமர் (மேசைப் போர் ஆட்டம்) வீரர்கள் நாற்பது சொச்சம், கட்டிலடியில் பிஸ்கட் டின்னில் இருபத்தைந்து வருஷம் தூங்கியவர்கள். பாதிப் பேருக்குத் துப்பாக்கி இல்லை, ஒருவருக்குத் தலை இல்லை. அக்கா மகனிடம் மூன்று ஹை கிரேட் கன்பிளா (கன்டம் ரோபோ பிளாஸ்டிக் கிட்), எல்லாமே 1/144, அதாவது நிஜ அளவில் 144இல் ஒரு பங்கு. அப்புறம் ஒரு ஷூ பெட்டி நிறைய ஹாட் வீல்ஸ். முஸ்தஃபாவில் அம்மா பருப்பு எடுக்கப் போனால் நான் பொம்மைக் கார் பக்கம் ஒதுங்கிவிடுவேன், அப்படிச் சேர்ந்தவை.

நானும் அக்கா மகனும் சேர்ந்து ஒரு கதை வைத்திருக்கிறோம். 200 வருஷத்துக்குப் பிறகு நம் சிங்கப்பூர் ஈசூன். பாதி தண்ணீரில் கிடக்கிறது. மிச்சம் நிற்கும் நான்கு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளுக்காகச் சண்டை. விதிகள் எங்கள் சொந்த விதிகள், எந்த மினியும் (மினியேச்சர் பொம்மையும்) சேரலாம். வாய்ட் டெக் (புளோக்கின் திறந்த கீழ்த்தளம்) தூண்களுக்கு நடுவே ஆட்கள் ஓட வேண்டும், புளோக்குக்குப் பின்னாலிருந்து ரோபோ எட்டிப் பார்க்க வேண்டும். இதுதான் பையனின் ஒரே நிபந்தனை.

இப்போது என் முட்டாள்தனம். இணையத்தில் ஒருவர் “28 மி.மீ. ஆட்டத்துக்குக் கச்சிதம்” என்று போட்டு மூன்று கவச ஜீப் விற்றார். 42 சிங்கப்பூர் வெள்ளி. பெட்டியைத் திறந்தால் அடியில் 1/72 என்று பொறித்திருக்கிறது. என் சார்ஜண்டைப் பக்கத்தில் நிறுத்தினேன். கூரைக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு, குளியலறைக் கதவுக்கு மேலே எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி நிற்கிறார். அக்கா மகன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “மாமா, இவங்க வண்டியில ஏறப் போறாங்களா, வண்டியத் தூக்கிட்டுப் போகப் போறாங்களா?” என்றான்.

அதிலிருந்து தேடித் தேடிப் படிக்கிறேன், குழப்பம்தான் கூடுகிறது. 28 மி.மீ. என்றால் ஒருவர் 1/56 என்கிறார், ஒருவர் 1/60, ஒருவர் 1/64, இன்னொருவர் 1/48 வாங்கு என்கிறார். இத்தனைக்கும் நான் பொழுதெல்லாம் வெர்னியர் காலிப்பர் பிடித்து வேலை செய்கிறவன். இந்த நாலு எண்ணில் எது சரி? கன்பிளாவை வீரர்களோடு நிறுத்தலாமா, அசிங்கமாக இருக்குமா? புளோக் கட்டுவதற்கு ஒரு மாடி எத்தனை மி.மீ. வைப்பது?

---

பசைவிரல்:

தம்பி, காலிப்பர் பிடிக்கிற ஆள் குழம்பியதில் ஆச்சரியம் இல்லை. மில்லிமீட்டர் என்பது ஆளின் அளவு, 1/56 என்பது விகிதம். இரண்டும் வேறு வேறு பாஷை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற நினைத்தால் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்.

28 என்பது பழைய வழக்கப்படி பாதத்திலிருந்து கண் வரை. கண்ணுக்கு மேலே நெற்றி, முடி, ஹெல்மெட் எல்லாம் கணக்கில் வராது. ஆகவே பெட்டியில் 28 என்று போட்ட ஆள் உச்சந்தலை வரை 30, 31 வருவார். 1.75 மீட்டர் மனிதனை 56ஆல் வகுத்தால் 31 மி.மீ. 1/56 என்கிறவர் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார். சில கம்பெனிகள் உச்சந்தலை வரைக்குமே 28 என்று அளக்கிறார்கள். அவர்கள் ஆளுக்கு 1/64 பொருந்தும், அதில் மனிதன் 27 மி.மீ. போதாக்குறைக்கு இந்தத் தொழிலில் ஆட்கள் வளர்ந்துகொண்டே போகிறார்கள். ஒரு காலத்தில் 25 மி.மீ., பிறகு 28, இப்போது 32. உங்கள் பிஸ்கட் டின் வீரரைக் கொண்டுபோய் 2017இல் வந்த பிரைமரிஸ் (புது வார்ஹாமர்) ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், அண்ணனைப் பள்ளிக்கூடத்துக்கு வழியனுப்பப் போன தம்பி மாதிரி இருப்பார்.

அப்புறம் பருமன். வார்ஹாமர் ஆட்களுக்குத் தலை பெரிசு, கை பெரிசு, துப்பாக்கி தண்ணீர்க் குழாய் மாதிரி. ஒரு கை தூரத்தில் மேசையைப் பார்க்கும்போது முகம் தெரிய வேண்டும், ஈயத்தில் வார்த்தால் மெல்லிய பாகம் ஒடியக் கூடாது, அதற்காக அப்படிச் செய்தார்கள். இன்ஃபினிட்டி என்கிற ஆட்டத்தின் மினிகளும் 28 வகைதான், ஆனால் ஒல்லி. உயரம் ஒத்துப்போகும், பக்கத்தில் வைத்தால் கை ஒத்துப்போகாது. ஸ்டார் வார்ஸ் லீஜியன் ஆட்கள் இன்னும் பெரிசு, அவர்களுக்கு 1/48 வண்டிதான் சரி.

இதற்கெல்லாம் நான் வைத்திருக்கிற வழி ஒன்று: கை படுகிற பொருள், கை படாத பொருள். கதவு, படி, ஏணி, இருக்கை, மூடி, கைப்பிடிச் சுவர் இவையெல்லாம் கை படுகிறவை. இவற்றை ஆளோடு வைத்து அளந்து சரியாகச் செய்ய வேண்டும். தூரத்துக் கோபுரம், பறக்கும் கப்பல், எண்ணெய்த் தொட்டி, பாறை இவற்றை யாரும் காலிப்பர் வைத்துப் பார்க்கப் போவதில்லை. யாகுல்ட் பாட்டிலைக் கவிழ்த்து 37 மி.மீ. கதவு ஒட்டினால் அது தண்ணீர்த் தொட்டி. அதே பாட்டிலில் 7 மி.மீ. கதவு ஒட்டிப் பாருங்கள், எட்டு மாடி உயரம் என்று கண் நம்பிவிடும். பாட்டில் அதே பாட்டில்தான்.

உங்கள் ஜீப்பின் கோளாறும் அதுதான். ஜீப் முழுக்க முழுக்கக் கை படுகிற பொருள். அதே 1/72இல் ஒரு விமானம் வாங்கி ஸ்டாண்டில் தூக்கி வைத்திருந்தால் பையன் வாயே திறந்திருக்க மாட்டான்.

கன்பிளாவைத் தாராளமாக நிறுத்துங்கள். முதல் கன்டம் கதைப்படி 18 மீட்டர், 1/144 கிட்டில் பன்னிரண்டரை செ.மீ. அதை 1/56 என்று வைத்துப் பார்த்தால் 7 மீட்டர், இரண்டரை மாடி. புளோக்குக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க இதைவிட நல்ல உயரம் கிடைக்காது. ஆனால் 18 மீட்டர் என்று காட்டிக்கொடுக்கிற அடையாளங்களை அழிக்க வேண்டும். நெஞ்சில் இருக்கிற காக்பிட் மூடி 12 மி.மீ. ஆளுக்கானது. புட்டி வைத்து மூடிவிட்டு அங்கே உங்கள் அளவுக்கு ஒரு மூடி ஒட்டுங்கள். டாமியா 1/35 டாங்கியின் மேல்மூடி ஒன்று கிடைத்தால் கவசம் போட்ட ஆளுக்குத் தாராளமாக இருக்கும். அடுத்து ஏணி. சின்ன ஸ்டேப்ளர் பின்னை எடுத்து, காலில் இரண்டு ஓட்டை போட்டுச் சொருகுங்கள். பின்னுக்குப் பின் 5 மி.மீ. இடைவெளி, அதாவது நிஜத்தில் 28 செ.மீ. ஆறு பின் ஏறியதும் அது 7 மீட்டர் இயந்திரமாகிவிடும். வர்ணம்கூட அடிக்க வேண்டாம்.

ஹாட் வீல்ஸ் பெட்டியில் 1/64 என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். எல்லா வண்டியும் ஒரே அட்டையில் அடங்க வேண்டும் என்பதால் பஸ்ஸும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம். நிஜத்தில் சின்னதாக இருக்கிற கார்களை மட்டும் பொறுக்குங்கள். நாலரை மீட்டர் கார் 1/64இல் 7 செ.மீ., 1/56இல் 8, 1/43இல் பத்தரை. ஆள் 3, 4 மி.மீ. பேஸ் (அடித்தட்டு) மேல் நிற்பதால்தான் கார் குட்டையாகத் தெரிகிறது. காரையும் ஒரு அட்டையில் ஒட்டி உயர்த்துங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கட்டுமான இயந்திர டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) பொம்மைகள் பெரும்பாலும் 1/50. மண்வாரி, கிரேன் எல்லாம் உங்கள் வீரர்களுக்கு அண்ணன் தம்பி முறை.

மாடிக்கு எத்தனை மி.மீ. என்று கேட்டீர்கள். வீவக மாடி ஒன்றுக்கு சுமார் 2.8 மீட்டர், 56ஆல் வகுத்தால் 50 மி.மீ. பழைய ஈசி-லிங்க் (பஸ், ரயில்) கார்டின் அகலம் 54. மேலே சொல்ல வேண்டுமா?

---

சின்னதே அழகு:

பசைவிரல் அண்ணன் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அவர் மேசையை மறந்துவிட்டார். 120க்கு 75 என்பது 1/56இல் 67க்கு 42 மீட்டர். அதில் நான்கு புளோக் எப்படி நிற்கும்? ஒரு புளோக்கே நீளமாகப் படுத்துக்கொள்ளும். 12 மாடி என்றால் 60 செ.மீ. உயரம், டிவி தெரியாது.

கன்பிளாவை மாற்றுவதை விட்டுவிட்டு ஆட்களை மாற்றுங்கள். 1/144இல் மனிதன் 12 மி.மீ. ஜப்பானில் “என் கேஜ்” (N) என்கிற மாடல் ரயில் வகையின் வீடுகள் 1/150, டோமிடெக் கட்டடங்கள் எல்லாம் அந்த அளவுதான். 1/144க்கும் அதற்கும் நாலு சதவீதம் வித்தியாசம், ராசாளிக்கும் தெரியாது. ஐரோப்பிய, அமெரிக்க என் கேஜ் 1/160, அது சில சமயம் கதவில் தெரியும். அதே மேசை இப்போது 173க்கு 108 மீட்டர். உங்கள் 12 மாடி புளோக் 23 செ.மீ., நான்கையும் நிறுத்தலாம். ரோபோ 18 மீட்டர் ரோபோவாகவே இருக்கும், பையனின் கிட்டில் யாரும் புட்டி அப்ப வேண்டியதில்லை. அவனிடம் அனுமதி கேட்டீர்களா முதலில்?

நான் ஆடுவது அதைவிடச் சின்னது. பேட்டில்டெக் என்கிற ரோபோ ஆட்டம், 1/285, ஆள் 6 மி.மீ. மொத்தப் படையும் ஒரு டிபன் டப்பாவில் அடங்கும், எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அதில் ஒரு ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) 30 மீட்டர் என்று விதி. ஆனால் அந்த ஹெக்ஸில் நிற்கிற 5 செ.மீ. மெக் (ரோபோ) தன் அளவுப்படி 14 மீட்டர்தான். தரைக்கு ஒரு ஸ்கேல், பொம்மைக்கு ஒரு ஸ்கேல். பல ஆட்டங்களும் அப்படித்தான். உங்கள் வார்ஹாமர் துப்பாக்கியின் 24 அங்குலத்தை 1/56 என்று எடுத்தால் 34 மீட்டர். வாய்ட் டெக்கின் இந்தக் கோடியிலிருந்து சுட்டால் அந்தக் கோடி மாமா கடைக்குக் குண்டு போய்ச் சேராது.

---

இரவு ஷிஃப்ட், ஈசூன்:

இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா, உங்கள் கணக்கு சரி, ஆனால் எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. 12 மி.மீ. ஆளுக்கு நான் கண் வரைந்தால் அது காதில் இருக்கும். அந்த நாற்பது பேரும் இருபத்தைந்து வருஷம் காத்திருந்தவர்கள், இப்போது போய் அவர்களை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

கன்பிளா அனுமதி கேட்டேன். நல்ல இரண்டைத் தொடக்கூடாது, கை ஒடிந்த ஒன்றைத் தருகிறானாம்.

---

பிசின் வாளி:

ஸ்கேல் ஒத்துப்போகாவிட்டால் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டுக்கொள்ளலாமே என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே நான். முப்பரிமாண கோப்பு எந்த விகிதத்தில் இருக்கிறதோ அந்த எண்ணை, உங்களுக்கு வேண்டிய எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 1/48 வண்டியை 1/56 ஆக்க 85.7 சதவீதம். மி.மீ. எண் என்றால் தலைகீழாக வகுக்க வேண்டும், 32 மி.மீ. ஆளை 28 ஆக்க 87.5. அவ்வளவுதான்.

ஆனால் சுருக்கினால் எல்லாமே சுருங்கும், துப்பாக்கி முனையும் ஆன்டெனாவும் சேர்த்து. நான் ஒரு தடவை ஒன்பது பேரை 80 சதவீதத்தில் அச்சடித்தேன். அச்சில் பொருளைத் தாங்கிப் பிடிக்கிற தாங்குகோலை வெட்டும்போது ஏழு துப்பாக்கி கையோடு வந்துவிட்டது. பெரிதாக்குவது வேறு மாதிரித் தொல்லை. பருமன் தலை உள்ள ஆளை 1/48க்கு வளர்த்தால் உடம்பு வளர்ந்த மாதிரி தெரியாது, பூசணிக்காய் தலை மட்டும் தெரியும். ஆளை விட்டுவிட்டு வண்டி, கதவு, பீப்பாய் இவற்றை அச்சடிப்பதுதான் புத்தி.

வீட்டில் பிசின் அச்சுப்பொறி வைக்கிறதாக இருந்தால் சமையலறை வேண்டாம். ஜன்னல் திறந்த அறை, கையுறை. அம்மா ரசம் வைக்கிற மேசையில் அந்தப் பாட்டிலைக் கொண்டு போகாதீர்கள்.

---

பசைவிரல்:

பிசின் வாளி சொல்வது சரி. இன்னொன்று சொல்ல மறந்தேன், இனி இணையத்தில் வாங்கினால் விற்கிறவரிடம் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். புது ஒரு வெள்ளி 24.65 மி.மீ. குறுக்களவு, கிட்டத்தட்ட 25 மி.மீ. பேஸ். “28க்குக் கச்சிதம்” என்பதெல்லாம் அந்த நாணயத்துக்குப் பக்கத்தில் செல்லாது.

---

இரவு ஷிஃப்ட், ஈசூன்:

மூன்று வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா.

வீட்டிலும் அக்கா வீட்டிலும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடமும் கேட்டுப் பதினேழு பழைய ஈசி-லிங்க் கார்டு சேர்ந்தது. படுக்கவைத்தால் 54 மி.மீ., அதுதான் மாடி. வாய்ட் டெக்குக்கு மட்டும் நிமிர்த்தி நிறுத்தினேன், 85 மி.மீ. நிஜத்தில் அவ்வளவு உயரம் இல்லைதான், ஆனால் மற்ற மாடியைவிட உயர்ந்து இருந்தால்தான் வாய்ட் டெக் என்று தோன்றுகிறது. தூணுக்குச் சதுர மரக்குச்சி. மொத்தம் மூன்று மாடி, அதற்கு மேல் இடிந்துபோனதாகக் கதை. சின்னதே அழகு அக்காவுக்குக் கட்டுப்பட்டு நான்கு புளோக் இரண்டு ஆனது.

ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். தாழ்வாரத்தை விகிதப்படி செய்தேன். 1.2 மீட்டர், அதாவது 21 மி.மீ. வர்ணம் காய்ந்து, ஒட்டி, எல்லாம் முடித்த பிறகு வீரரை வைத்தால் நிற்கவில்லை. பேஸே 25 மி.மீ.! கதவும் அப்படித்தான், 90 செ.மீ. கதவு 16 மி.மீ., ஆள் உள்ளே போக முதலில் பேஸைக் கழற்ற வேண்டும். காலிப்பர் வைத்து 0.1 மி.மீ. வரைக்கும் சரியாகச் செய்து, ஆட முடியாத ஒரு பொருளைச் செய்திருக்கிறேன். பிய்த்து எடுத்து 40 மி.மீ. தாழ்வாரம், 35 மி.மீ. அகலத்தில் இரட்டைக் கதவு என்று மறுபடி ஒட்டினேன். 200 வருஷத்துக்குப் பிறகு வீவக தாராள மனசோடு கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கை ஒடிந்த கன்பிளாவுக்கு ஏணி போட்டாயிற்று, ஆறு பின். ஒடிந்த கைக்குப் பதில் ஒரு ஹாட் வீல்ஸ் கிரேனின் கொக்கி. நெஞ்சுமூடி இன்னும் முடியவில்லை. நேற்று இரவு அதைப் புளோக்குக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் அம்மா மேசையைத் துடைத்து, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்திருக்கிறார். ரோபோவை மட்டும் புளோக்குக்கு முன்னால் திருப்பி, ஏணி தெரிகிற மாதிரி. கேட்டதற்கு, “ஏறிப் போறதுக்குப் படி வச்சிருக்க, அதைப் போய் மறைச்சு வைக்கிறியே” என்றார்.

கடைசியாக ஒன்று. 1/72 கவச ஜீப் மூன்று இருக்கிறது, பெட்டியோடு. 15 வெள்ளி, ஈசூன் எம்ஆர்டியில் கைமாற்றலாம். யாருக்காவது வேண்டுமா?

---

சின்னதே அழகு:

எனக்கு வேண்டாம், ரொம்பப் பெரிசு.

---

பசைவிரல்:

விற்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் ஏற்றினால் மூன்று ட்ரோன்.